சிங்கை கண்ட நெசவாளர்

சேலம் மாநகருக்குத் தென்மேற்கே, கஞ்சமலைக்கு அணித்தாக அமைந்துள்ள ஊர் இளம்பிள்ளை. சேலைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. எத்தெருவில் நின்று செவி சாய்த்தாலும் தறியோசை கேட்கும். ஒரு காலத்தில் குழித்தறிகளின் மெல்லோசையாக இருந்தது, பின்னர் விசைத்தறிகளின் பேரோசையாக மாறிவிட்டது. அவ்வோசைக்குப் பழகிய காதுகளுக்கு, மின்சாரம் நின்று ஊர் அமைதியுறும் பொழுதுதான் உறக்கம் கலையும். கடலோ அவ்வூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மலையையும் ஏரியையும் அறிந்த அம்மக்களுள் கடலை ஒரு முறையேனும் கண்டவர் பலர். கப்பலை அருகில் நின்று கண்டவர் மிகச் சிலர்.

அவ்வூரில் இரண்டு விசைத்தறிகள் வைத்திருந்த நெசவாளர் ஒருவரும் அவர் மனைவியாரும் அண்மையில் சிங்கப்பூருக்குச் சென்று நான்கு நாள் தங்கித் திரும்பினர். அறுபது வயதைக் கடந்த அந்நெசவாளர், பத்து வயதில் தார் சுற்றத் தொடங்கியவர். தந்தையிடம் குழித்தறியில் நெசவு பயின்று, நடுவயதில் விசைத்தறிக்கு மாறியவர். வணிகர் கொடுக்கும் பாவையும் ஊடையையும் பெற்றுக் கூலிக்கு நெய்து கொடுப்பது அவர் வழக்கம். சூரத்திலிருந்து குறைந்த விலைச் சேலைகள் வந்து குவியவே, ஆண்டில் சில திங்கள் தறி ஓடாமல் நிற்பதும் உண்டு. அவருடைய ஒரே மகன் தறிக்கொட்டகையில் நிற்க மனமின்றி வெல்டிங் வேலை பயின்று, மூன்றாண்டுகளுக்கு முன் சிங்கப்பூருக்குச் சென்றான். கப்பல்களைப் பழுது பார்க்கும் தளம் ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. தரகருக்குக் கொடுப்பதற்காக வட்டிக்கு வாங்கிய பணத்தில் ஒரு பகுதி இன்னும் அடையாமல் இருந்தது. ஆயினும், சேலத்திலிருந்து சுற்றுலாக் குழு ஒன்று புறப்படுவதை அறிந்து, தாய் தந்தையர் இருவருக்கும் உரிய பணத்தை அவன் அனுப்பிவிட்டான்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, பழைய தறிகளை வாங்கும் வணிகர் ஒருவர் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விலை பேசினார். தறிக்கென்று விலை ஏதும் அவர் சொல்லவில்லை. இரும்பாக எடை போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "மகனைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று கூறி நெசவாளர் அவரை அனுப்பிவைத்தார். உடன் சென்ற முப்பதின்மருக்கும் அது சுற்றுலா. அவரோ நெஞ்சில் ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டு சென்றார்.

முற்காலத்தில் இப்பயணம் எளிதாக இருக்கவில்லை. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூரை அடைய ஒரு வார அளவு ஆகும். 1926 இல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் தமிழரை அக்கரைக்கும் இக்கரைக்கும் சுமந்தது. அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழ்கின்றனர். பின்னர் ஓடிய 'சிதம்பரம்' என்னும் கப்பல் 1985 இல் தீப்பற்றியதோடு அக்கடல்வழிச் செலவு முடிந்தது. இப்பொழுது திருச்சிராப்பள்ளியில் இரவு விமானம் ஏறினால், பொழுது விடியும் வேளையில் சிங்கப்பூரில் இறங்கலாம். கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

விமானம் தாழ்ந்து வந்தபோது நெசவாளர் சாளரத்தின் வழியே கீழே நோக்கினார். சாம்பல் நிறக் கடலின்மேல் எண்ணற்ற கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. ஓர் அகன்ற பாவின்மேல் எவரோ தார்களைக் கொட்டிவிட்டதுபோல் அவை அவருக்குத் தோன்றின. மனைவியாரை எழுப்பிக் காட்டினார். அவ்வம்மையார் எண்ணத் தொடங்கி, நாற்பதைக் கடந்ததும் விட்டுவிட்டார்.

இத்தனை கப்பல்கள் இச்சிறு தீவை நாடி வருவதற்குக் காரணம் காற்றும் நிலமுமே. இந்துமாக் கடலிலிருந்து சீனக் கடலுக்குச் செல்லும் கலங்கள் மலாக்கா நீரிணை வழியாகச் செல்வது வழக்கம். அந்நீரிணை முடியும் முனையில் சிங்கப்பூர் அமைந்துள்ளது. பாய்மரக் காலத்தில், மேற்கிலிருந்து வரும் கலங்கள் தென்மேற்குப் பருவக் காற்றில் வந்தன. சீனத்துக் கலங்கள் வடகிழக்குப் பருவக் காற்றில் வந்தன. இரு திறத்தாரும் காற்றுத் திரும்பும் வரை காத்திருக்கவும் பண்டம் மாற்றவும் ஓரிடம் வேண்டியிருந்தது. கடாரமும் மலாக்காவும் வெவ்வேறு காலங்களில் அவ்விடமாக விளங்கின. 1819 இல் ராபிள்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி சிங்கப்பூரில் இறங்கி, சுங்கம் வாங்காத துறையாக அதனை அமைத்தார். சுங்கமில்லாத துறையை வணிகர் மொய்த்ததில் வியப்பில்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியும், 1963 முதல் மலேசியாவோடு கூட்டும் கண்ட அந்நகரம், 1965 ஆகஸ்டு 9 ஆம் நாள் தனி நாடாயிற்று.

முதல் நாள் குழுவினர் சிங்கப்பூர் ஆற்றைப் படகில் சுற்றி வந்தனர். வானளாவிய மாளிகைகள், மூன்று கோபுரங்களின்மேல் கப்பலை ஏற்றி வைத்ததுபோன்ற பெருவிடுதி, முள்நாறிப் பழத்தைப் பிளந்து கவிழ்த்தது போன்ற கலையரங்கு ஆகிய யாவற்றையும் கண்டனர்; படம் எடுத்துக்கொண்டனர். அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. படங்களில் உள்ளபடியே அவை இருந்தன. சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட வெண்சிலையைக் கண்டு சிலர் நகைத்தனர். கோவில் தூண்களில் யானைத் துதிக்கை பெற்ற யாளியை நாள்தோறும் கண்டு வணங்கும் நாட்டவர் நகைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

ஆற்றைப் பற்றி வழிகாட்டி சொன்ன செய்தி நெசவாளர் மனத்தில் நின்றது. ஒரு காலத்தில் அவ்வாறு முழுதும் சரக்குத் தோணிகளால் நிறைந்து, கழிவு நீரால் கறுத்து நாறிக் கிடந்தது. தொடக்க காலத்தில் அங்கே தோணி செலுத்தியவர்களுள் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் பலர். 1977 இல் ஆற்றைத் தூய்மை செய்யத் தொடங்கிப் பத்தாண்டுகளில் முடித்தனர். 2008 இல் ஆற்றின் கழிமுகத்தில் அணை கட்டிக் கடல்நீரைத் தடுத்தனர். உப்பு நீர் நின்ற இடம் இப்பொழுது குடிநீர் ஏரியாக இருக்கிறது. வழிகாட்டியும் ஒரு தமிழரே. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர். "எங்கள் ஊரில் மணிமுத்தாறு இருக்கிறது" என்று நெசவாளர் அவரிடம் தொடங்கி, அதற்கு மேல் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். சேலத்தின் திருமணிமுத்தாற்றைக் கண்டவர்களுக்கு அவர் நிறுத்தியதன் காரணம் விளங்கும்.

அன்று மாலை தேநீர்க் கடை ஒன்றில் சில்லறையாக வந்த நாணயத்தைப் புரட்டிப் பார்த்த அம்மையார், "இங்கே பாருங்கள், தமிழ்!" என்று வியந்தார். நாணயத்தின் விளிம்பில் 'சிங்கப்பூர்' என்று தமிழெழுத்தில் பொறித்திருந்தது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்னும் நான்கும் அந்நாட்டின் ஆட்சி மொழிகள். தொடர்வண்டியில் தமிழ் அறிவிப்புக் கேட்கிறது. 1935 இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' இன்றும் நாளிதழாக வெளிவருகிறது. அந்நாணயத்தை அம்மையார் செலவிடவில்லை. முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் காலையில் குழுவினர் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள மாரியம்மன் கோவிலுக்குச் சென்றனர். சேலத்து மக்களுக்கு மாரியம்மன் கோவிலை விளக்கத் தேவையில்லை. ஆடித் திங்களில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே திரளும் நாட்டினர் அவர்கள். ஆயினும், சீனர் வாழும் பகுதியின் நடுவே, செந்நிறக் காகித விளக்குகள் தொங்கும் கடைகளுக்கு இடையே, அக்கோபுரம் எழுந்து நிற்பதைக் கண்டதும் அவர்கள் சற்றே நின்றுவிட்டனர். அருகிலுள்ள தெருக்களில் ஒன்றுக்குக் கோவில் தெரு என்றே பெயர்.

இக்கோவிலை எடுப்பித்தவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். 1819 இல் பினாங்கிலிருந்து ராபிள்சுடன் வந்த அவர், செங்கற் சூளை வைத்தார். பருத்தித் துணிக் கடையும் நடத்தினார். கடை தீயில் எரிந்தது. அவர் தளராமல் மீண்டும் தொழில் தொடங்கினார். 1827 இல் மரமும் கீற்றும் கொண்டு அம்மனுக்குச் சிறு கோவில் அமைத்தார். துணிக் கடை வைத்திருந்தவர் என்று கேட்டதும் நெசவாளர் வழிகாட்டியை நெருங்கி, "என்ன துணி விற்றார்?" என்று வினவினார். சுற்றுலா வந்தோர் பொதுவாக இத்தகைய கேள்வியைக் கேட்பதில்லை. வழிகாட்டி சிறிது எண்ணிப் பார்த்து, மலாய் மக்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை 'பெலிக்காட்' என்று அழைப்பர் என்றும், அப்பெயர் சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டின் பெயரிலிருந்து வந்தது என்றும் கூறினார். தமிழ்நாட்டுத் தறியில் நெய்த துணி, பல நூற்றாண்டுக் காலம் அக்கடல் வழியே சென்று தீவு தீவாகப் பரவிற்று. துணியோடு சொற்களும் சென்றன. மலாய் மொழியில் கப்பலைக் 'கப்பல்' என்றே கூறுவர். கடையைக் 'கெடை' என்பர். கிடங்கைக் 'குடாங்' என்பர். வணிகத்திற்கு இடும் முதலை 'மோடல்' என்பர். ஒரு துறைமுகத்திற்கு இன்றியமையாத நான்கும் இவைதாம்.

கோவிலிலிருந்து சில நிமிடம் நடந்தவுடன், தெருமுனையில் இருந்த பலகையை ஓர் இளைஞர் ஆங்கிலத்தில் படித்து, "சேகோ தெரு!" என்று உரக்கச் சொன்னார். குழுவினர் அனைவரும் நகைத்தனர். சேலத்தாருக்குச் சேகோ என்றால் சவ்வரிசி. சவ்வரிசி ஆலை என்றால் சேலம். சேலத்துச் சரக்கின் பெயர் சிங்கப்பூர்த் தெருவுக்கு எப்படி வந்தது என்று அவர்கள் வியந்தனர். உண்மை அதற்கு நேர்மாறானது. 'சாகு' என்பது மலாய்ச் சொல். ஒருவகைப் பனையின் சோற்றிலிருந்து எடுக்கும் மாவுக்கு அது பெயர். 19 ஆம் நூற்றாண்டில் அம்மாவைச் சிங்கப்பூருக்குக் கொணர்ந்து, முத்துமுத்தாக உருட்டி, உலகெங்கும் ஏற்றுமதி செய்தனர். அத்தொழிற்கூடங்கள் இருந்தமையால் அது சேகோ தெரு ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் கீழைக் கடல்வழி அடைபட்டபோது, தமிழ்நாட்டுக்குச் சவ்வரிசி வருவது நின்றது. 1943 ஆம் ஆண்டளவில், மரவள்ளிக் கிழங்கின் மாவைக் கொண்டு அதனைச் செய்ய முடியும் என்று சேலத்தார் கண்டனர். தொழில் அங்கிருந்து இங்கு வந்து வேர்கொண்டது. இப்பொழுது சேகோ தெருவில் சவ்வரிசிக் கூடம் ஒன்றும் இல்லை. தின்பண்டக் கடைகளே உள்ளன. நெசவாளர் அப்பலகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தொழில் தன் ஊரை விட்டுப் போன பின்னும் பெயர் நின்றுவிடுகிறது என்பதை அவர் அங்கே கண்டார்.

அடுத்து அவர்கள் சென்ற தெலுக் ஆயர் தெரு பழைய கடற்கரை. கடலைக் கடந்து உயிரோடு கரையேறியவர்கள் முதலில் நன்றி செலுத்திய இடம் அது. சீனர் தம் கடற்றெய்வத்திற்கு அங்கே கோவில் கட்டினர். அதற்கு அணித்தாகத் தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவரின் நினைவாகத் தர்கா எழுப்பினர். அப்பணி 1828 முதல் 1830 வரை நடந்தது. நாகூரில் உள்ள தர்காவை நினைந்து அதனை அமைத்தனர். இன்று அத்தெருவில் நின்று பார்த்தால் கடல் தென்படுவதில்லை. மண்ணைக் கொட்டிக் கடலைத் தூர்த்து, அதன்மேல் வங்கிகளையும் அலுவலகங்களையும் கட்டியுள்ளனர். அலை மோதிய படிக்கட்டுக்கு எதிரே பேருந்து செல்கிறது.

பிற்பகலில் பேபர் குன்றிலிருந்து செந்தோசாத் தீவுக்குக் கம்பிவழி ஊர்தியில் சென்றனர். அப்பொழுதுதான் துறைமுகம் முழுமையாகக் கண்ணுக்குப் புலனாயிற்று. நீலமும் செம்மையும் பழுப்புமாகிய இரும்புப் பெட்டிகள் மலைபோல் அடுக்கியிருந்தன. பாரந்தூக்கிகள் நெட்டைக் கழுத்துக் கொக்குகளைப் போலக் குனிந்து பெட்டிகளை எடுத்தன. ஒவ்வொரு பெட்டியும் ஒரு சிறு வீட்டின் அளவு. 20 அடிப் பெட்டியை ஓர் அலகாகக் கொண்டு கணக்கிட்டால், 2024 ஆம் ஆண்டில் மட்டும் 4 கோடிக்கு மேற்பட்ட அலகுகள் அத்துறையில் ஏறி இறங்கின. அவற்றுள் பெரும்பாலானவை சிங்கப்பூருக்கு உரியன அல்ல. ஒரு கப்பலிலிருந்து இறங்கி வேறொரு கப்பலில் ஏறிப் பிற நாடுகளுக்குச் செல்வன. புகாரின் தெருக்களில் குவிந்த பண்டங்களை உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் வரிசைப்படுத்துகிறார். காழகத்துப் பொருளும் அவற்றுள் ஒன்று. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். அக்கடாரம் இதே மலாய்க் கரையில் உள்ளது. பண்டைப் புலவருக்குப் பண்டங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. பெயர் சொல்லிப் பாட முடிந்தது. இக்காலத்துத் துறையில் பெட்டிகளே தெரிகின்றன. உள்ளே மிளகா, துகிலா என்பதைக் காண்பவர் அறிய வழியில்லை.

"முன்பெல்லாம் மூட்டைகளை யார் தூக்கினார்கள்?" என்று நெசவாளர் கேட்டார்.

"கூலியாட்கள் தூக்கினார்கள், ஐயா. 1972 இல் முதல் பெட்டிக் கப்பல் வந்தது. அதன் பிறகு மூட்டை தூக்குவோரின் வேலை குறைந்து போயிற்று."

"அவர்கள் எங்கே போனார்கள்?"

வழிகாட்டி சிரித்தார். "என் தாத்தா அவர்களுள் ஒருவர். அப்பா பாரந்தூக்கி ஓட்டினார். நான் ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன்."

நெசவாளர் சிரிக்கவில்லை. ஊர்தி செந்தோசாவை அடையும் வரை பேசவும் இல்லை.

மூன்றாம் நாள் ஞாயிறு. குழுவினர் பூங்காவுக்குச் சென்றனர். நெசவாளரும் மனைவியாரும் சிராங்கூன் சாலையில், தமிழர் 'தேக்கா' என்றழைக்கும் பகுதியில் மகனுக்காகக் காத்திருந்தனர். ஞாயிறன்று தேக்காவைக் காணாதவர் சிங்கப்பூரைக் கண்டவர் ஆகார். தீவின் கோடியில் உள்ள தொழிலாளர் விடுதிகளிலிருந்து பல்லாயிரம் இளைஞர் அன்று அங்கே வந்து கூடுகின்றனர். கட்டடம் எழுப்புவோர், கப்பல் பழுது பார்ப்போர், சாலை அமைப்போர் ஆகிய எல்லாரும் ஒரே புல்வெளியில் அமர்ந்திருப்பர். புதுக்கோட்டைப் பேச்சு ஒருபால், தஞ்சைப் பேச்சு ஒருபால், வங்க நாட்டார் பேச்சு மற்றொருபால் கேட்கும். பலர் கையில் தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தபடி, ஊரிலுள்ள குழந்தையோடு பேசிக்கொண்டிருப்பர். அவ்வேலைக்கு வந்தவர்கள் மனைவி மக்களை அழைத்து வைத்துக்கொள்ள விதி இடந்தருவதில்லை. அந்நகரத்தின் மாளிகைகளைப் படம் எடுத்துக்கொண்டவர்கள் அவற்றைக் கட்டிய கைகளைக் காண வேண்டுமாயின் அப்புல்வெளிக்குத்தான் செல்ல வேண்டும்.

மகன் வந்தான். மூன்றாண்டில் அவன் கறுத்து மெலிந்திருந்தான். தோள் மட்டும் அகன்றிருந்தது. தாயார் அவன் கையைப் பற்றிக்கொண்டார். முழங்கைவரை சிறு சிறு தழும்புகள் இருந்தன. "தீப்பொறி பட்டது, அம்மா. எல்லாருக்கும் இருக்கும்" என்றான். நெசவாளர் அத்தழும்புகளைப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. வாழையிலையில் சோறுண்ட பின், மகன் அவர்களைத் தொடர்வண்டியில் ஏற்றி, லாப்ரடார் என்னும் கடலோரப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றான். அங்கிருந்து பாசிர் பாஞ்சாங் துறை தெரியும். நீண்ட மணற்கரை என்பது அப்பெயரின் பொருள். மணலைக் காணோம், பாரந்தூக்கிகளே நின்றன.

ஒரு கப்பல் மெல்லத் திரும்பி வெளியேறிக்கொண்டிருந்தது. அதன் அடிப்பகுதி எவ்வாறு அமைந்திருக்கும், துருப்பிடித்த தகட்டை எவ்வாறு அறுத்தெடுத்துப் புதுத் தகட்டை இணைப்பர், இணைத்த தையல் தெரியாமல் எவ்வாறு தேய்ப்பர் என்பனவற்றை மகன் ஆர்வத்தோடு விளக்கினான். ஊரில் இருந்தவரை அவன் இத்தனை சொற்களை ஒருசேரப் பேசித் தந்தையார் கேட்டதில்லை.

"இழை அறுந்தால் நாம் முடி போடுவதைப் போலத்தான்" என்றார் நெசவாளர்.

"ஆமாம், அப்பா. முடி தெரியக்கூடாது."

சிறிது நேரம் கழித்து அவர், "கண்ணு, தறி வாங்குகிறவர் வந்திருந்தார்" என்றார்.

"அம்மா சொன்னார்கள். கொடுத்துவிடுங்கள், அப்பா. நான் திரும்பி வந்தாலும் தறியில் நிற்க மாட்டேன்."

"திரும்பி வந்தாலும் என்கிறாயே?"

மகன் கப்பலைப் பார்த்தான். "கடன் அடையட்டும்" என்றான்.

அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. மாலையில் அவன் விடுதிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பேருந்து ஏறும்போது தாயார் ஊரிலிருந்து கொண்டுசென்ற முறுக்குப் பொட்டலத்தை அவன் பையில் திணித்தார்.

நான்காம் நாள், விமானம் ஏறுமுன் பொருள் வாங்குவதற்காகக் குழுவினரைத் தேக்காவில் விட்டனர். வீரமாகாளியம்மன் கோவிலில் தொழுதுவிட்டுத் திரும்பும் வழியில், துணிக் கடை ஒன்றின் கண்ணாடிக்குள் தொங்கிய சேலையைக் கண்டு அம்மையார் நின்றார். இருவரும் உள்ளே சென்றனர். நெசவாளர் சேலையின் முந்தியைப் புரட்டி, மறுபுறத்தைப் பார்த்தார். மிதந்த சரிகை இழைகளை வெட்டியிருந்த விதத்தை விரலால் தடவினார். கரையும் உடலும் கூடும் இடத்தைக் கண்ணருகே கொண்டுசென்றார். தம் கையெழுத்தை அறிவதுபோல் தம் ஊர் நெசவை நெசவாளர் அறிவர். அதில் தொங்கிய சீட்டில் வேறோர் ஊரின் பெயர் அச்சிட்டிருந்தது. விலையோ, அதனை நெய்தவருக்குக் கிடைத்திருக்கக் கூடிய கூலியைப்போல் பன்மடங்கு.

"அம்மா, இது இளம்பிள்ளைச் சேலை" என்று அவர் கடைப்பெண்ணிடம் மெல்லச் சொன்னார்.

"இளம்பிள்ளையா? அது எங்கே இருக்கிறது, ஐயா?"

"கஞ்சமலைக்குப் பக்கத்தில்."

அப்பெண் பணிவோடு தலையசைத்தாள். சேலையை மடித்து உள்ளே வைத்தாள். அவள்மேல் குறை ஏதும் இல்லை. கஞ்சமலை எங்கே இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கடை வாசலில் அம்மையார், "பெயரையாவது நம் ஊர்ப் பெயராகப் போட்டிருக்கலாம்" என்றார். "இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே" என்றார் நெசவாளர். அதில் வருத்தம் மிகுதியா, பெருமிதம் மிகுதியா என்று அவ்வம்மையாராலும் கண்டறிய முடியவில்லை.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் தறி வணிகர் வந்தார். இரண்டு தறிகளையும் எடை போட ஆட்களை அழைத்து வந்திருந்தார். நெசவாளர் ஒன்றை மட்டும் காட்டினார். வணிகர் நெடுநேரம் வாதாடினார். ஒரு தறிக்காக வண்டி கொண்டுவருவது கட்டுப்படியாகாது என்றார். பின்னர் விலையைச் சிறிது குறைத்துக்கொண்டு எடுத்துச் சென்றார். தறி நின்றிருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் எஞ்சியது. அம்மையார் அதன்மேல் சாம்பலைத் தூவித் துடைத்துப் பார்த்தார், போகவில்லை.

கிடைத்த தொகையில் தரகருக்காகப் பட்ட கடனின் எச்சம் அடைபட்டது. அன்றிரவு நெசவாளர் மகனைத் தொலைபேசியில் அழைத்து, கடன் தீர்ந்த செய்தியைச் சொன்னார். தறி ஒன்று போனதையும் சொன்னார். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. விடுதியில் எவரோ பாத்திரம் கழுவும் ஓசை மட்டும் கேட்டது.

பிறகு அவன், "அப்பா, மற்றத் தறியில் என்ன பாவு ஏறியிருக்கிறது?" என்று கேட்டான்.